கீழே நிற்பவருக்கே பாதை

மத்தியானம் ஒன்று நாற்பது. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் கையில் போனை வைத்துக்கொண்டு, சுவிஸில் இப்போது காலை ஒன்பது பத்து, பிள்ளை மலைக்கு ஏறியிருப்பாள் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் நான் குசினிக் கதவுப் பக்கம் எழுந்து போனேன். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பேய், கண்ணூறு, கழிப்பு என்று கதைக்கிறவர்களுக்கு நான் ஒருநாளும் காது கொடுத்ததில்லை. நான் நில அளவையாளன். ஓர் இடம் இருக்கிறதென்றால் அதற்கு எல்லை இருக்கும், உயரம் இருக்கும், கருவியை வைத்துப் பார்த்தால் தெரியும், தெரியாவிட்டால் அப்படி ஓர் இடம் இல்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்த ஒரு நம்பிக்கையில்தான் சம்பளம் எடுக்கிறேன். நீங்கள் இதை வாசித்துவிட்டு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று சொல்லலாம். நானும் சில மாதம் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டு இருந்தேன்.

மகள் ஆரணி ஹோட்டல் நிர்வாகம் படிக்கச் சுவிஸுக்குப் போனவள். பயிற்சிக்காக அவளை அனுப்பிய இடம் ஒரு மலை ஊர். குளிர்காலம் வந்தால் அங்கே ஊரே பனிச்சறுக்கில்தான் பிழைக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்க ஆட்கள் காணாது, நல்ல பொறுமைசாலி என்று இவளையும் பயிற்றுநர் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். திருகோணமலையில் பிறந்து, குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் ஐஸ் கண்ட பிள்ளை. எனக்கு விருப்பமே இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் அப்பாவின் விருப்பத்தை யார் கேட்கிறார்கள்?

அந்த வாழ்க்கையைப் பற்றித் தினமும் சொல்வாள். ஆறு பெண்களுக்கு ஓர் அறை, ஹீட்டர் முழுக்க ஈரக் காலுறைகள், இருட்டோடு எழும்பி சப்பாத்துக்குள் காலைத் திணிப்பது, சப்பாத்து இறுக்கி முழங்காலுக்குக் கீழே கண்டிப்போன நீலம். காலையில் அவர்கள் சறுக்கப் பழகுவார்கள். பின்னேரம் படிப்பிக்கப் பழகுவார்கள். ஒருவர் ஆசிரியர், மற்றவர்கள் எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைகள் மாதிரி நடிக்க வேண்டும், அழ வேண்டும், கையுறையைத் தொலைக்க வேண்டும், மூத்திரம் வருகிறது என்று சொல்ல வேண்டும். ஆரணி சறுக்குவதில் கடைசியாம், படிப்பிப்பதில் முதலாம். படிப்பித்துப் பழக அவளுக்கு ஒன்றும் தெரியாத ஒரு மாணவன் வேண்டும். அது நான்.

சனி ஞாயிறுகளில் போனைக் குசினி அலுமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காலுறை போட்டு, வழுவழுத்த மாபிள் தரையில் நிற்பேன்.

"குதியை வெளியில தள்ளுங்கோ அப்பா, பெருவிரல் ரெண்டும் ஒண்டையொண்டு பாக்கோணும். முழங்காலை மடியுங்கோ. இன்னும்."

"இன்னும் மடிச்சா நிலத்தில இருந்திடுவன் பிள்ளை."

"காலைப் பாக்காதேங்கோ. போற இடத்தைப் பாருங்கோ."

"போற இடத்தில கொம்மா நிக்கிறா."

மனைவி சுகந்தி தேங்காய் திருவிக்கொண்டே திரும்பிப் பார்க்க மாட்டாள். "இடுப்பை முறிச்சுக்கொண்டு விழுந்தா நான்தான் தூக்கோணும், அங்கயிருந்து அவ வந்து தூக்குவாவோ?" என்பாள்.

பனியில் உள்ள சட்டங்களையும் ஆரணி எனக்குப் படிப்பித்தாள். அதில் முக்கியமானது, மேலே இருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். கீழே நிற்கிறவருக்குத்தான் பாதை. அவர் பிழையான இடத்தில் நின்றாலும் சரி, விழுந்து கிடந்தாலும் சரி, நீ மேலே இருந்தால் நீதான் நிற்க வேண்டும்.

"ஏனெண்டா அவருக்கு முதுகில கண் இல்லைத்தானே அப்பா."

"இதைக் கண்டி ரோட்டில பஸ் ஓடுறவங்களுக்கு வந்து படிப்பி."

"முதல் நீங்கள் பாஸ் பண்ணுங்கோ."

இப்போது மானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு திருகோணமலைக் கோட்டைக்குக் கிட்ட. அங்கே மான்கள் மாடு மாதிரித்தான், ரோட்டில் படுக்கும், கடைகளில் கடதாசி தின்னும், கேற்றைத் திறந்து வைத்தால் வளவுக்குள் வரும். எங்கள் பின்வளவில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. அதற்கு ஒரு கிழட்டுக் கலைமான் வாடிக்கை. கண்டால் நான் ஒரு சத்தம் போடுவேன், எப்போதும் ஒரே சத்தம்தான். "ஹோய்! நில்லு! எங்க வாறாய்? கறிவேப்பிலையை விடு!" மான் மரத்தில் வாய் வைத்துக்கொண்டு நிற்கும்போது எங்கே வருகிறாய் என்று ஏன் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது, பழக்கம். உங்கள் சத்தத்துக்கு மான் ஓடாது, பக்கத்து வீட்டு ஆட்கள்தான் ஓடுவினம் என்று சுகந்தி சொல்வாள்.

நான் முதலில் சொன்ன அந்த நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. சுகந்தி தம்பலகாமத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, அந்த மலை ஊரை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டும் கமராவை வழக்கம்போலப் போனில் திறந்து பார்த்தேன். வெறும் வெள்ளை. மலை இல்லை, மரம் இல்லை, கமராவுக்கு முன்னால் துணி விரித்த மாதிரி. மூடுபனி. சுவிஸில் நேரம் என்ன என்று கணக்குப் பார்த்தேன். அப்போதுதான் மரம் சலசலக்கும் சத்தம் கேட்டது. எழும்பிப் போனேன். மான் நின்றது. கதவுக்குள் நின்றே "ஹோய்! நில்லு!" என்று தொடங்கி முழுவதையும் கத்திக்கொண்டு, காலை வெளியே வைத்தேன்.

அந்தப் பின்வாசலுக்கு இரண்டு படி. நானே மட்டம் வைத்துக் கட்டுவித்தது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டும் இறங்குவேன். நம்பினால் நம்புங்கள், அன்று படி இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, சீமெந்தில் உள்ள வெடிப்புக்கூடத் தெரிகிறது, காலுக்கு இல்லை. தடுக்கி விழுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இது அது இல்லை. நான் விழவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் இரண்டு காலும் ஊன்றாமல் நின்றேன். கீழே ஆழம் இருப்பது உள்ளங்காலுக்குத் தெரிந்தது, எப்படி என்று கேட்காதீர்கள். சாரம் காலோடு அடித்தது, அவ்வளவு காற்று. மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

என் குரல் மட்டும் நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. மான் ஓடவில்லை. வாயில் இலையோடு தலையைத் தூக்கிப் பார்த்தது. என்னை அல்ல, என் தலைக்கு மேலே, கூரை விளிம்பு அளவில் எதையோ பார்த்தது. காதுகள் இரண்டும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

பிறகு படி வந்தது. குதியில் சீமெந்தின் சூடு பட்டது. நான் அந்தப் படியிலேயே குந்திவிட்டேன். மான் தன்பாட்டில் போய்விட்டது.

உடனே ஆரணிக்குப் போன் அடித்தேன். பதில் இல்லை. மலையில் போனை எடுக்க விடமாட்டார்கள் என்று தெரியும், தெரிந்தும் அடித்தேன், திரும்பத் திரும்ப அடித்தேன். கமராவில் அதே வெள்ளை. சுவிஸில் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. சுகந்திக்கு எடுத்து என்ன சொல்வது, படி இல்லை என்றா? முன்விறாந்தைக் கதிரையில் இருந்தேன், எழும்பிப் போய் அந்தப் படியை மிதித்துப் பார்த்தேன், திரும்பி வந்து இருந்தேன். பிள்ளையை இனிக் கூப்பிட்டுவிட வேண்டும், படிப்பும் வேண்டாம் பனியும் வேண்டாம் என்று அந்தப் பின்னேரம் முழுவதும் மனத்துக்குள் அவளோடு சண்டை பிடித்தேன். பொழுதுபட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் மூதூரில் விளக்குகள் தெரியத் தொடங்கிய பிறகுதான் அவள் அழைப்பு வந்தது.

காயம் ஏதும் இருக்கிறதா என்று அவள் முகம் முழுக்கப் பார்த்தேன். அவளே கதைத்தாள்.

"என்னப்பா, இவ்வளவு மிஸ்ட் கோல்?"

"சும்மாதான். கமராவில மூடுபனி கண்டன். பிரச்சினை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. கொஞ்சம் மூடுபனி. கொஞ்ச நேரம் நிண்டிட்டு வந்தனாங்கள்." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "அப்பா, அந்த நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்?"

"எந்த நேரம்?"

"எங்களுக்கு ஒன்பது மணி போல."

"மான் கலைச்சனான்."

"அம்மா வந்திட்டாவோ?" என்று கேட்டாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். அவளும் சொல்லவில்லை, சொன்னால் நான் கூப்பிட்டுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் பயப்படுத்தக்கூடாது என்று எல்லோரும் எல்லாவற்றையும் ஒளிப்போம்.

பனிக்காலம் முடிவதற்குள் அவள் பரீட்சையில் பாஸ் பண்ணினாள். மலையடிவாரத்தில் சின்னப் பிள்ளைகள் வாத்துக்குஞ்சு மாதிரி பின்னால் வர, சிவப்பு ஜக்கெற்றோடு நிற்கும் படம் அனுப்பினாள். எனக்கு நடந்ததை வெயில் என்றும், இரத்த அழுத்தம் என்றும், பிள்ளைமேல் உள்ள யோசனை என்றும் தீர்த்துவைத்தேன். டொக்டரும் அப்படித்தான் சொன்னார். மானையும் பழையபடி கலைத்தேன்.

ஆடி மாதம் ஆரணி விடுமுறையில் வந்தாள். கூடவே லேனா என்று ஒரு பிள்ளை, அந்த ஆறு பேர் அறையில் இவளுக்கு மேல் கட்டிலில் படுத்தவள். தமிழில் ஒரு சொல் தெரியாது. இடியப்பமும் சொதியும் அவளுக்குப் பிடித்துவிட்டது, வெயில் பிடிக்கவில்லை. வந்த மூன்றாம் நாள் பின்னேரம் பிள்ளைகள் இரண்டு பேரும் பின்வளவில் கதிரை போட்டு இருந்தார்கள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். பக்கக் கேற்றால் அந்தக் கிழட்டுமான் வந்தது. நான் வழக்கம்போலக் கத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"ஹோய்! நில்லு! எங்க வாறாய்? கறிவேப்பிலையை விடு!"

லேனா எழும்பிவிட்டாள். கதிரை பின்னால் விழுந்தது. மானுக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்து, இது ஒன்றும் செய்யாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் மானைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு ஆரணியைப் பார்த்து, "நீ இவருக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டாள்.

ஆரணி நிலத்தைப் பார்த்தாள். "எனக்குத்தான் பைத்தியம் எண்டு நினைச்சனான் அப்பா. இவவும் கேட்டதெண்டு சொன்னவ, ஆனா என்ன கேட்டதெண்டு நான் கேக்கேல்லை. கேக்கப் பயம்."

லேனா எனக்குக் கிட்ட வந்தாள். நான் கீழ்ப்படியில் நின்றேன். அவள் அமைதியாக, வகுப்பில் சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போல ஆங்கிலத்தில் சொன்னாள். அன்று மூடுபனியில் முன்னால் போனவர்களை அவளும் ஆரணியும் தவறவிட்டுவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும்தான் கடைசி. பாதை என்று நினைத்து இடப்பக்கம் சறுக்கிக்கொண்டு வந்தார்கள், நல்ல வேகம். அப்போது முன்னால் ஓர் ஆண் கோபமாகக் கத்தினார். லேனா அந்தச் சத்தத்தை எனக்குச் செய்துகாட்டினாள், சொற்கள் குழம்பியிருந்தாலும் ஏற்ற இறக்கம் அப்படியே என்னுடையது, கடைசியில் "வேப்பிலை" என்பது தெளிவாக இருந்தது.

"எங்கள் பாதையில் ஓர் ஆள் நிற்கிறார் என்று நினைத்தோம்" என்றாள். "மேலே இருந்து வந்தது நாங்கள், கீழே நின்றது அவர். அதனால்தான் நின்றோம்."

அவள் கையை உயர்த்தி என் தலைக்கு மேலே, கூரை விளிம்பைக் காட்டினாள். "நாங்கள் இவ்வளவு உயரத்தில் இருந்தோம். நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் இருந்துதான் குரல் வந்தது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மான் இலையை விட்டுவிட்டு அவள் கை காட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு நான் அதைக் கலைப்பதில்லை, அந்த மரத்தில் இப்போது இலையும் இல்லை.

"மூடுபனி விலகிய பிறகு நாங்கள் எட்டிப் பார்த்தோம்" என்றாள் லேனா. "அது செங்குத்துப் பாறை. நீங்கள் நின்ற இடத்தில் கால் வைக்க இடமே இல்லை."