அண்ணன் கட்சி

"கண்ண மூடிக்குங்க. நெனப்பு வந்தா வரட்டும், தடுக்காதீங்க." சொல்லிக்கொண்டே கடைசி ஒயரையும் பசை வைத்து நோயாளியின் தலையில் ஒட்டுகிறார் அந்த டெக்னீஷியன். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இந்தச் சின்ன அறையில் அவருக்குப் பத்தொன்பது வருடம். ஆஸ்பத்திரி முழுக்க 'ஒயர் அக்கா' என்றால்தான் தெரியும். "நான் நெனைக்கிறதெல்லாம் இதுல தெரிஞ்சிடுமா?" என்று கேட்காத நோயாளி குறைவு. "ரகசியமெல்லாம் பத்திரமா இருக்கும். அலைதான் வரும், ஆள் வரமாட்டாரு" என்பார்.

அந்த 'ஆள்' பற்றித்தான் அவருக்கும் அண்ணனுக்கும் தீராத வழக்கு. லிஃப்ட் பழுதுபார்க்கும் அண்ணன் பௌத்த நூல்களைக் கரைத்துக் குடித்தவர். தங்கை வேதாந்த வகுப்புக்குப் போகிறவர். ஞாயிறு மதியம் சாப்பிட்ட கை காய்ந்தும் இருவரும் எழுந்திருக்கமாட்டார்கள். மனம் வெறும் கருவி, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சி ஒன்று உண்டு என்பது தங்கை கட்சி. "அந்தச் சாட்சிய ஒரு நாள் கூட்டிட்டு வாயேன், நானும் பாக்குறேன்" என்பார் அண்ணன். ஓர் எண்ணம் அணையும்போதே அடுத்தது அதிலிருந்து பற்றிக்கொள்கிறது, நடுவில் முதலாளி என்று எவருமில்லை என்பது அவர் கட்சி.

போன மாதம் பக்கவாதம் வந்து அண்ணனின் பேச்சும் வலது பக்கமும் போயின. கண்கள் திறந்திருந்தன; யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனையை இன்னொருவரிடம் விட தங்கைக்கு மனம் வரவில்லை. தானே ஒயர் ஒட்டினார். அலைகள் ஓடின.

"நாம பேசுறது அவருக்குப் புரியுதா டாக்டர்?"

"இத மட்டும் வச்சுச் சொல்ல முடியாதும்மா."

அவருக்குத் தெரிந்த பதில்தான். ஆனாலும் கேட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து, வேலை முடிந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து வழக்கைத் தொடர்ந்தார். முதலில் தன் கட்சி. பிறகு, பேச முடியாதவருக்காக அவர் கட்சி. "பதில் சொல்லாத மனுஷன்கிட்ட எதுக்கும்மா மல்லுக்கட்டுற?" என்று அண்ணி அழுதார். பன்னிரண்டாம் நாள் அசதியில் தங்கைக்கு வார்த்தை தடுமாறியது. "மனசுன்னு ஒண்ணே கெடையாது, அதான உங்க கட்சி?" என்று முடித்துவிட்டார்.

போர்வைக்குள் அண்ணனின் இடது கை அசைந்தது. தவித்துத் தவித்து வெளியே வந்தது. ஆட்காட்டி விரல் இப்படியும் அப்படியுமாக, மெதுவாக, இரண்டு முறை ஆடியது.

"தப்பாச் சொல்லிட்டேனாண்ணா?" தங்கை அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். "சரி. மொதல்லேர்ந்து சொல்றேன்."

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.