வீடு மாறிப் போன படம்

மிஸ்ராத்தா நகரத்தில் கல்யாணத்தின் பெண்கள் கூடத்துக்குள் கைப்பேசியைக்கூட விடமாட்டார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேமராவோடு உள்ளே போகிற ஒரே ஆள் ஹுவைதா. முக்காடில்லாமல் முடியை விரித்துப் போட்டு ஆடுகிறவர்களைப் படமெடுப்பாள். பிறகு கணினியில் ஒவ்வொரு படத்துக்கும் அதில் இருப்பவளின் வீட்டுப் பெயரை எழுதி, அந்தந்த வீட்டுக்கு அந்தந்தப் படத்தை மட்டும் அனுப்புவாள். இத்தனை வருடத்தில் ஒரு முகமும் அடுத்த வீட்டுக்குப் போனதில்லை. அவளைக் கூப்பிடுவதே அதற்காகத்தான். மற்றபடி அவள் எடுக்கிற படம் ஒன்றும் அத்தனை விசேஷமில்லை.

போன மாதம் தம்பி முனீர் அந்தக் கணினியைப் புதுசாக்கிக் கொடுத்தான். பெயர் மாற்றும் கட்டளை எங்கோ ஒரு சின்ன சித்திரமாகப் போய் ஒளிந்துகொண்டது. அதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் பெயர் எழுதி முடித்த கணமே படம் அந்தப் பெயருக்குரிய அகரவரிசை இடத்துக்குத் தாவிவிடுகிறது. முன்பெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்தது, அடுத்தது என்று கை தானாக ஓடும். இப்போது அடுத்தது என்று நினைத்து எழுதினால் அது வேறு யாரோ.

"முனீர், பழசையே போட்டுக் குடுத்துருடா."

"பழசுக்குப் பாதுகாப்பு இல்லக்கா. திருட்டுப் பய எவனாவது உள்ள பூந்துருவான்."

"இனிமே எதுக்குத் திருடன்? அதான் நீ பூந்துட்டியே."

வியாழக்கிழமை, படம் போன வீடுகளில் ஒன்றிலிருந்து ஃபாயிஸா போன் பண்ணினாள். "ஹுவைதா, எங்க படத்துக்கு நடுவுல கதீஜா மக ஆடிக்கிட்டிருக்கா. என் பையன்தான் முதல்ல பாத்தான். அழிச்சுட்டேன். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாத."

போனை வைத்ததும் ஹுவைதா தானே கதீஜாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

கதீஜா வந்து, போர்த்தியிருந்ததைக்கூடக் களையாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெஷின் பண்ணின தப்புன்னு சொல்லப்போறியா?"

"அனுப்பினது நான்தான்."

"எங்க வீட்டுப் படம் எல்லாத்தையும் அழி. என் கண்ணு முன்னால."

பெயர்களை இனி நம்புவதற்கில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து முகம் பார்த்துத்தான் அழிக்க வேண்டியிருந்தது. போட்டு வைத்த டீ இருவர் முன்னாலும் ஆறியது. ஒரு படத்தில் மகள் சுழன்று ஆடிக்கொண்டிருந்தாள்; பின்னால் கதீஜாவே வாய்விட்டுச் சிரித்தபடி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"இரு." கதீஜா குனிந்து பார்த்தாள். "நான் இப்படியா சிரிக்கிறேன்?"

"அன்னிக்குச் சிரிச்சீங்க."

"இத மட்டும் காகிதத்துல போட்டுக் குடு. அப்புறம் அழி."

அச்சடித்து வந்த படத்தைக் கதீஜா கைப்பைக்குள் குப்புற வைத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"பெருநாள் முடிஞ்சு சின்னவ கல்யாணம். நீ வரணும்."

ஹுவைதா நிமிர்ந்தாள்.

"சாப்பிட வா. கேமரா வேண்டாம்."

"வரேன்," என்றாள் ஹுவைதா. கதவைச் சாத்திவிட்டு வந்து, மீதமிருந்த வீடுகளின் படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, முகத்தையும் பெயரையும் ஒத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.