மலைக்கு அந்தாண்ட

சிறுசேரியில் நான் போகும் ஜிம்மில் தரை துடைக்க ஓர் அக்கா வருவார். ஒல்லியான உடம்பு, புடவைக்கு மேல் நீலக் கோட்டு. நான் ட்ரெட்மில்லில் ஓடும்போது அதன் திரையில் இத்தாலிக் கிராமப்புறத்து மண்பாதை ஒன்று ஓடும். இருபுறமும் ஆலிவ் மரங்கள், கல் சுவர்கள், தூரத்தில் ஒரு மலை. அதைப் போட்டதும் அவர் மாப்பை ஊன்றிக்கொண்டு என் பின்னால் நின்றுவிடுவார். நான் இறங்கினால் படமும் நின்றுவிடும்.

ஒருநாள் கேட்டார். "சார், தெனம் பாதியிலயே எறங்கிடுறீங்க. அந்த மலைக்கு அந்தாண்ட இன்னா கீது?"

எனக்கும் தெரியாது. மறுநாள் அவருக்காகவே மூச்சிரைக்க ஒரு மணி நேரம் ஓடினேன். மலையைத் தாண்டியதும் பாதை கடற்கரையில் போய் முடிந்தது.

அவர் முகம் வாடிவிட்டது.

"கடலா? அது எங்க வூட்டு வாசல்லயே கீதே சார்."

மீனவர் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வாளியோடு நாலடி போனவர் திரும்பினார். "நாளைக்குப் பழையபடி மலை வரைக்கும் ஓடுங்க சார். போதும்."

அப்படியே ஓடினேன். அவரும் வந்து நின்றார். மலை நெருங்க நெருங்க, அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாதவர் போலவே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.