திருவள்ளூருக்கு லீவு இல்லை

அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தண்ணி லாரி வந்தால் அதில் போடுவார்கள், கரண்ட் போனால் போடுவார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அந்த குரூப் என் பொறுப்பு. காலையில் ஸ்கூல் உண்டா இல்லையா என்று நான்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், டிகிரியும் முடித்தவன். அதனால் தெருவும் இந்த வேலையை என்னிடம் விட்டிருந்தது.

நானும் அதை விளையாட்டாகச் செய்யவில்லை. போன வருஷத்து அறிவிப்பில் தேதியை மாற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ரெண்டு சேனலில் பார்த்து, மாவட்ட கலெக்டர் பக்கத்திலும் பார்த்து, அப்புறம்தான் ‘லீவு’ என்று ஒரே வார்த்தை போடுவேன். போட்ட அஞ்சு நிமிஷத்தில் தெருவில் பாதி அடுப்பு அணையும். டிபன் பாக்ஸ் மறுபடி அலமாரிக்குப் போகும்.

அன்றைக்கும் அப்படித்தான் போட்டேன். காலை ஆறரை. ராத்திரி முழுக்கப் பெய்த மழை இன்னும் விடவில்லை. சென்னை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று கலெக்டர் அறிவித்திருந்தார். உண்மையான அறிவிப்பு, அன்றைய தேதி, எல்லாம் சரி. ‘லீவு’ என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

எட்டு மணி வாக்கில் என்னோடு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர் போன் செய்தார். ஆவடிக்காரர். பெண்ணை ஸ்கூலில் விட்டுவிட்டு வர லேட் ஆகும், சூப்பர்வைசரிடம் சொல்லிவிடு என்றார். இன்றைக்குத்தான் லீவாச்சே என்றேன். "அது உங்க சென்னைக்கு மச்சான். நாங்க திருவள்ளூர். எங்க கலெக்டர் இன்னும் வாய தொறக்கல" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். பின்வீட்டு அக்காவின் பெண் நினைவுக்கு வந்தாள்.

எங்கள் தெருவும் சில வருஷம் முன்பு வரை திருவள்ளூர் மாவட்டம்தான். அப்புறம் எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டார்கள். அம்பத்தூர் சென்னைக்கு வந்தது, ஆவடி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அம்பத்தூரிலேயே படித்ததால் அந்தக் கோடு எனக்குக் குறுக்கே வந்ததில்லை. அக்கா குடும்பம் மட்டும் போன வருஷம் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து இங்கே குடிவந்தது. பெண் ப்ளஸ் ஒன்னில் இருந்தாள், அடுத்து ப்ளஸ் டூ, பள்ளியை மாற்ற வேண்டாமென்று அங்கேயே விட்டுவிட்டார்கள். தினமும் அவள் ரயிலேறி ஆவடியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய் வந்தாள்.

ஒரு நாள் லீவு போட்டால் குடிமுழுகாது, வேறு யாராவது என்றால். அவளுக்கு ஜூலையில் மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாதம் படுத்துவிட்டாள். வருகை நாள் குறைந்துவிட்டது. கிளாஸ் டீச்சர் அக்காவை வரவழைத்து, இனிமேல் ஒரு நாள்கூட ஆப்சென்ட் ஆகக் கூடாது, ஆகிவிட்டால் பப்ளிக் எக்ஸாம் பட்டியலில் பெயர் அனுப்ப முடியாது என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சுக்குத் துணையாகப் போனவன் நான். எல்லாம் கேட்டுக்கொண்டு, நான் பார்த்துக்கிறேன் மிஸ் என்று சொல்லிவிட்டு வந்தவனும் நான்.

பின்வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. அக்கா கொரட்டூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை செய்கிறவள். லீவு என்றதும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். அக்காவுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அவள் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள். பைக்கை எடுத்தேன். பள்ளி மேற்கே இருக்கிறது, நான் கிழக்கே போய்க்கொண்டிருந்தேன். சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர் என்று திருப்பி விட்டார்கள், சுற்றிப் போனேன்.

குடியிருப்பில் அவர்கள் இரண்டாவது மாடிப் படிக்கட்டில் இருந்தார்கள். அக்கா துடைப்பத்தால் மழைத் தண்ணீரைத் தள்ள, பெண் மாப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா தம்பி சொல்ற? நீதான லீவுன்னு போட்ட" என்றாள் அக்கா.

பெண் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, மணி என்ன என்றாள். எட்டு நாற்பது. துப்பட்டாவால் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

யூனிபார்ம் வீட்டில் இருந்தது. மேனாம்பேட்டுக்கு வந்து அவள் மாற்றிக்கொண்டு வர நாலு நிமிஷம். பை மழையில் நனையாமல் இருக்க என் ரெயின்கோட்டை அதன் மேல் போட்டோம். ஆவடி போகிற சி.டி.எச். ரோட்டில் எங்கே பள்ளம், எங்கே ரோடு என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே காப்பி நிறத் தண்ணீர். முன்னால் போன பஸ்ஸின் சக்கரத் தடத்திலேயே ஓட்டினேன். சைலன்ஸரில் தண்ணீர் புகுந்து வண்டி நின்றால் கதை முடிந்தது. திருமுல்லைவாயலில் ஒரு கார் அப்படி நின்றுபோய் எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடைபாதை மேல் ஏற்றி இறக்கினேன். பின்னால் அவள், ஒன்பது பத்துக்கு பிரேயர், ஒன்பதரைக்கு அட்டெண்டன்ஸை போன் ஆப்பில் ஏற்றிவிடுவார்கள் என்று, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னாள். அப்போது ஒன்பது இருபது. ஆவடி ஸ்டேஷன் இன்னும் வரவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஹெல்மெட்டைத் திருப்பி, எனக்கு மாவட்டம் ஞாபகத்துக்கு வரவே இல்லம்மா என்றேன்.

"எனக்கு வந்துச்சுண்ணா" என்றாள். "காலைலயே அம்மாகிட்ட சொன்னேன், நம்ம ஸ்கூலு திருவள்ளூரும்மா, அது வேறன்னு. படிச்ச புள்ள சொல்லுது, அதுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னு சொல்லிச்சு. மறுபடி சொன்னேன். வாய மூடினு கெளம்புடீன்னுச்சு."

முகத்தில் மழை ஊசியாகக் குத்தியது.

பள்ளி வாசலில் நிறுத்தியபோது ஒன்பது ஐம்பது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்க யோசித்தார், அவள் கோலத்தைப் பார்த்துத் திறந்தார். வகுப்பில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். நான் முந்திக்கொண்டு, தப்பு என்னுடையது, சென்னை லீவைப் பார்த்து நான்தான் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். காலைக்கு ஆப்சென்ட் ஏற்றியாகிவிட்டது, ஏற்றியதை இனி மாற்ற முடியாது, ரிஜிஸ்டரில் ஒன்று போனில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு அவருக்கே கேள்வி வரும் என்றார். மத்தியானத்துக்கு வருகை போடுவாராம், ஆக அரை நாள் போச்சு.

"மத்தவங்களுக்கு அரை நாள் ஒண்ணுமில்ல தம்பி" என்றார். "இவளுக்கு அதுவும் இல்ல. இவ கணக்குல மிச்சமே வைக்கலன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

நான் அவர் காலில் விழத் தயாராக இருந்தேன். எழுதிக் கொடுக்கிறேன், கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னைத் தாண்டி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மிஸ், போன மாசம் மழைக்கு ரெண்டு நாள் விட்டாங்கள்ல. அதுக்கு ஈடா சனிக்கிழமை ஸ்கூல் வெப்பாங்களா? அது வேலை நாள்ல சேருமா?"

சேரும் என்றார் டீச்சர். மொத்த நாளும் ஏறும், வந்தால் வருகையும் ஏறும், ஒரே ஒரு சனிக்கிழமை கிடைத்தாலும் இந்த அரை நாள் சரியாகிவிடும். ஆனால் அது தலைமை ஆசிரியர் கையில்கூட இல்லை, மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வர வேண்டும். வைத்தாலும் வைப்பார்கள், விட்டாலும் விடுவார்கள்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் சொட்டியது.

அடுத்த மூன்று வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஆவடிக்காரரை நச்சரித்தேன், உன் பெண் ஸ்கூலில் சனிக்கிழமை பற்றிச் சொன்னார்களா என்று. இன்னொரு மழை வந்து அந்தப் பக்கமும் லீவு விட்டால் இருக்கிற நாளும் குறையுமே என்று வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெருவில் மற்ற பிள்ளைகள் மழை வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். குரூப்பில் யாராவது கேட்டால், ‘சென்னைக்கு மட்டும்’ என்று சேர்த்துப் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆவடிக்காரர் போன் செய்தார். சனிக்கிழமை பள்ளி உண்டாம், அவர் மகள் அழுதுகொண்டிருக்கிறாளாம். நான் உடனே பின்வீட்டுக்குப் போகவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்காது என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை, வானம் வெளுத்துக் கிடந்தது, ஏழே காலுக்கே பைக்கைத் துடைத்து வெளியில் நிறுத்திவிட்டு, கூட்டிப்போகலாமென்று அவர்கள் வாசலுக்குப் போனேன்.

அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். "அவ ஆறரைக்கே போய்ட்டா தம்பி. நேத்தே டீச்சருக்கு அவளே போன் பண்ணிக் கேட்டுகினா. உன்ன எழுப்ப வேணாம்னு சொல்லிட்டா."