நாற்பது வளைவும் ஜெனியின் வயிறும்

போத்தனூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வால்பாறை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். காரில் நாலு மணி நேரம் என்பார்கள். நாங்கள் தயாராகவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. காரணம் என் மகள் ஜெனியின் வயிறு.

போன வருடம் நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுத்தாள். நானும் பயந்து வண்டியைத் திருப்பிவிட்டேன். வரையாடு பார்க்கவில்லை என்று சின்னவன் டேனி பொள்ளாச்சி வரை அழுதான். இந்தத் தடவை காலாண்டு விடுமுறைக்குத் திட்டம் போட்டதும், ஒன்பது வயதுக்காரி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “இதுதாங்கப்பா கடைசி. இப்பவும் வாந்தி எடுத்துப்போட்டனா, இனிமே நீங்க மூணு பேருமே போய்க்கோங்க. நா ஊட்லயே இருந்துக்கறேன்.”

குழந்தை தானாக ஒதுங்கிக்கொள்வதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. பயிற்சி என்று ஆரம்பித்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து சரவணம்பட்டி வரை, மறு ஞாயிறு பெரியநாயக்கன்பாளையம் வரை கூட்டிப்போனேன். ஜெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. “அங்க வளைவே இல்லீங்களே. தரையில நீச்சல் கத்துக் குடுக்கறீங்களா?” என்று கேட்டாள் என் மனைவி ஸ்டெல்லா. அவள் பங்குக்கு எலுமிச்சம்பழம், பத்து ரூபாய்க்கு இஞ்சி மரப்பா, டாக்டர் கொடுத்த மாத்திரை, ஒரு கட்டு பிளாஸ்டிக் கவர் எல்லாம் எடுத்து வைத்தாள். மலை ஏறும்வரை வெறும் வயிறு என்பது எங்கள் இருவரின் சட்டம்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஜெபம் சொல்லிக் கிளம்பினோம். கிணத்துக்கடவு தாண்டியதும் தெற்கே மலை தெரிந்தது. ஏழு மணிக்குப் பொள்ளாச்சி. அங்கேதான் சட்டம் உடைந்தது. பொள்ளாச்சியில் என் அக்கா இருக்கிறாள். அவள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டு அந்தப் பேச்சை யார் பத்து வருடம் கேட்பது? ஐந்தே நிமிடம் என்று நுழைந்தோம்.

“வெறும் வயித்தோட மலை ஏறுவாங்களா தம்பி? உக்காருங்க,” என்றாள் அக்கா. வாழை இலையில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நம் ஊரில் அந்த வார்த்தை வாய்க்கு வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. “அத்தைக்காக இன்னொரு புடி கண்ணு,” என்று ஜெனிக்கு மூன்று தடவை விழுந்தது. ஸ்டெல்லா என்னை முறைத்துக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள்.

எட்டரைக்கு ஆழியாறு சோதனைச் சாவடி. வனக்காவலர் உள்ளே எட்டிப் பார்த்து, “பிளாஸ்டிக் கவர் மேல போகாதுங்க,” என்று எங்கள் கட்டை வாங்கி வைத்துக்கொண்டார். “ஏனுங்க, இப்ப என்ன பண்றது?” என்றாள் ஸ்டெல்லா. நான் கியரைப் போட்டேன்.

முதல் வளைவிலேயே காற்று மாறியது. சாலைக்கு ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஆழியாறு அணை சின்னதாகிக்கொண்டே போனது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து மேற்கே நீலக் கோடாகத் தெரியும் மலையைத்தான் மலை என்று நினைத்திருந்தோம். இங்கே அது தலைக்குமேல் நிமிர்ந்து நின்றது. கர்த்தரே என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். எத்தனை தடவை வந்தாலும் இப்படித்தான் ஆகிவிடுகிறது.

நாலாவது வளைவைத் தாண்டினோம். ஏழாவதில் ஜெனி முகம் வெளுத்தது. ஒன்பதாவதில், காட்சி முனை இருக்கும் இடத்தில், “அப்பா, நிறுத்துங்க,” என்றாள். இறங்கி ஓடியவள் ஓரமாகக் குனிந்தாள். அத்தை வைத்த அத்தனையும் வெளியே வந்தது.

ஸ்டெல்லா முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி இவள் எங்களோடு எங்கேயும் வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

ஜெனி வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். எதிரே பாறைமேல், கைக்கெட்டும் உயரத்துக்குச் சற்றே மேலே, ஒரு வரையாடு. கால் வைக்க இடமே இல்லாத சரிவில் நிதானமாக மென்றுகொண்டு அவளையே பார்த்தது. அதன் பின்னால் மஞ்சு விலகி, இன்னும் நாலு ஆடுகள் தெரிந்தன. டேனி விரல்விட்டு எண்ணினான்.

ஆடுகள் மேலேறி மறைந்ததும் மெதுவாகக் கேட்டேன்: “கண்ணு, வண்டியத் திருப்பிரலாமா?”

“ஏனுங்கப்பா?” உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். “இன்னும் முப்பத்தோரு வளைவு இருக்குதுல்லீங்க?”

இருபத்திரண்டாவது வளைவில் மறுபடியும் நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள், எடுத்தாள், முகம் கழுவினாள். தேயிலைத் தோட்டங்கள் கண்ணுக்கெட்டியவரை கிடந்தன. நாங்கள் மூவரும் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஏறிக் கதவை அறைந்து சாத்தி, டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி தட்டினாள்.

“ரைட், போலாங்க.”