சாமி படம் நேராகத்தான் இருந்தது

டிவி விழுந்தபோது அதன் பக்கத்தில் யாருமே இல்லை. நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் இன்னும் வேலை முடிந்து வரவில்லை. மகள் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். டிவி முகம் குப்புறத் தரையில் கிடந்தது.

"நான் தொடவே இல்லம்மா. அதுவா வந்துச்சு."

"வரும், வரும். டிவிக்குக் கால் முளைச்சிருக்குல்ல?" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் பொய் கேட்கிற ஆசிரியை நான். வீட்டிலும் கேட்கப் பொறுமை இல்லை.

வீடு வாங்கியபோது வீட்டுப் பொருள்களுக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுத்திருந்தோம். மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். ரொம்ப நல்ல பையன், ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பான்.

"சிஸ்டர், தானா விழுந்துச்சுன்னு எழுதினா க்ளேம் கிடைக்காது லா. யாராச்சும் தெரியாம தட்டிவிட்டிருக்கணும், அதான் விபத்து. பிள்ளை ஓடுறப்ப கை பட்டுச்சுன்னு போட்டுருங்க. அப்புறம், டிவி உங்க வீட்டுல இருந்ததுக்குப் பழைய போட்டோ ஏதாச்சும் அனுப்புங்க."

மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் தட்டலம்மா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பொய் என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

பழைய போட்டோவுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. வருஷா வருஷம் தீபாவளிக் காலையில் டிவி மேஜைக்கு முன்னால் மூவரும் நின்று ஒரு படம் எடுப்போம். பின்னால் டிவி, அதற்கு மேலே சுவரில் ஆணியில் தொங்கும் முருகன் படம், ஓரத்தில் மகளுடைய அறையின் கதவு. மழை பெய்துகொண்டிருந்தது. சோபாவில் உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

முதல் தீபாவளியில் முருகன் நேராக இருந்தார். அடுத்த வருஷம் லேசாகச் சாய்ந்திருந்தார். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். கடைசிப் படத்தில் நன்றாகவே சாய்ந்திருந்தார். எல்லாம் ஒரே பக்கம், கதவுப் பக்கம்.

அந்தப் படத்தை நான் எத்தனை முறை நேராக்கியிருக்கிறேன்! கதவுச் சட்டத்தைப் பார்த்து, அதற்குச் சமமாக வைப்பேன். மறுநாள் பார்த்தால் பழையபடி சாய்ந்திருக்கும். காய்கறி லோரி போகிற அதிர்வு என்பார் கணவர். டிவியும் அப்படித்தான். கண்ணாடி மேஜையில் நடுவில் வைத்தால் மெல்ல மெல்லக் கதவுப் பக்க ஓரத்துக்கு வந்துவிடும். மகள்தான் சோபாவுக்குப் பக்கமாக இழுத்து வைக்கிறாள் என்று, வீடு பெருக்கும்போதெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நடுவில் தள்ளி வைப்பேன்.

மகளுடைய தலை ரிப்பனை அவிழ்க்கச் சொன்னேன். அதன் நுனியில் வீட்டுச் சாவியைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். சாவி ஆடி ஆடி நின்றது. ரிப்பன் படத்தின் விளிம்போடு ஒட்டினாற்போல இறங்கியது. கதவுச் சட்டம்தான் அதைவிட்டு விலகிப் போயிருந்தது.

சாமி படம் நேராகத்தான் இருந்தது. வீடுதான் சாய்ந்துகொண்டிருந்தது.

மகளுடைய அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தேன். கீழே மலையை வெட்டிக் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் கூரைகள் எங்கள் சுவருக்கு அடிவரை வந்துவிட்டன. அதற்கப்பால் தேயிலை மலை, எந்தக் கவலையும் இல்லாமல் பச்சையாகக் கிடந்தது. என் பிள்ளையின் கட்டில் அந்த ஜன்னல் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. அங்கேதான் அவள் இத்தனை வருஷமாகத் தூங்குகிறாள்.

கணவர் வந்ததும் ரிப்பனைக் காட்டினேன். போட்டோக்களையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நம்பவில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது.

"இத வெளிய காட்டாத. தெரிஞ்சா இந்த வீட்டு வரிசை முழுக்கக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. அப்புறம் வீட்ட யாரு வாங்குவா? பாப்பா தட்டிட்டான்னு போட்டு முடிச்சிரு. மத்தத பிறகு பார்ப்போம்."

"பிறகுன்னா எப்பங்க? மழைக்காலம் முடிஞ்சா?"

அவர் ரிப்பனிலிருந்து சாவியை அவிழ்த்தார். நல்ல மனிதர்தான். பயந்துபோயிருந்தார். ஆனால் எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு பொய்யை என் மகள் தலையில் கட்டி, அவளை அதே கட்டிலில் படுக்க வைக்க வேண்டுமாம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து சர் சர்ரென்று சத்தம் கேட்டது. எனக்குப் பழகிய சத்தம் அது. பிரிஞ்சாங் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், மழை பிடித்தால் இழைப்புளியை எடுத்துக்கொண்டு வாசல் கதவைச் சீவ ஆரம்பித்துவிடுவார். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். கதவு இறுகினால் பனியில் மரம் ஊதிவிட்டது என்போம், சீவுவோம். நாங்களும் சீவியிருக்கிறோம். எதற்கும் பழிபோட எங்களுக்குப் பனி இருக்கிறது.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மழையிலேயே போனேன். பாய் வாசலில் நின்றிருந்தார். காலடியில் மரச்சீவல், உள்ளே அவர் பிள்ளைகள் விளையாடும் சத்தம்.

"பாய், எப்பவும் இந்த மேல் மூலையிலதான் சீவுறீங்களா?"

"ஆமா டீச்சர். அங்கதான் பிடிக்குது. பொல்லாத பனி லா. இப்ப சரியாயிருச்சு, பாருங்க."

கதவை வெளியே நின்றபடி இழுத்துச் சாத்திக் காட்டினார். நான் போனை நீட்டினேன். ஒவ்வொரு தீபாவளியாகத் தள்ளினேன். ஒவ்வொன்றிலும் முருகனையும் கதவுச் சட்டத்தையும் விரலால் காட்டினேன். மூன்றாவது படத்தில் அவர் நிமிர்ந்து தன் கதவின் மேல் மூலையைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த சீவலைப் பார்த்தார்.

"பிள்ளைங்களா, எல்லாம் வெளிய வாங்க!"

உள்ளே ஓடிவருகிற காலடிகள் கேட்டன. கைப்பிடி திரும்பியது. பிள்ளைகள் உள்ளிருந்து இழுத்தார்கள். பாய் வெளியிலிருந்து தோளால் முட்டினார். கதவு அசையவில்லை.