இஸ்திரியக்காவின் ஏழு விநாடி

கோட்டின் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் போட்டு, இஸ்திரிப்பெட்டியை ஒரு இழுப்பு இழுத்து, நீராவி அடங்குவதற்குள் இஸ்திரியக்கா சொல்லிவிடுவார்: "இது அரை பிளக்கு சார்."

புதிதாக வந்தவர் விழிப்பார். பழகியவர்களுக்குத் தெரியும். ஒரு கோட்டை வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தால் கையில் நிற்கும் லாபத்தில், அக்காவின் பந்தயக் காருக்குப் பாதி ஸ்பார்க் பிளக் வாங்கலாம். பல் டாக்டரின் வெள்ளை அங்கிகள் என்ஜின் ஆயில். மூலை லாட்ஜின் படுக்கை விரிப்புகள் எரிபொருள். புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரி ஒன்று திரைச்சீலைகளை மொத்தமாக அனுப்பியபோது மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கிளட்சு வந்திருச்சு, கிளட்சு!" என்று கூவினார். சுமந்து வந்தவர் கடை மாறி இறக்கிவிட்டோமோ என்று மூட்டையை மறுபடி வண்டியில் ஏற்றப் பார்த்தார்.

என் சட்டைகளின் மதிப்பை ஒருநாள் கேட்டேன்.

"வாரம் நாலு சட்டை. அதுலயும் ஒண்ணு கிழிசல். நீங்க நட்டு, வாஷர் கணக்குல வருவீங்க சார்."

எழுதிப் பிழைப்பவன் அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

கார் கடையின் பின்கட்டில் நின்றது. நின்றது என்பதைவிடப் படுத்திருந்தது என்று சொல்லலாம். தரையோடு தரையாக ஓர் ஓடம்போல் நீண்டிருக்கும். முன்னால் சைக்கிள் சக்கரம் போல இரண்டு. பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் போல அகலமாக இரண்டு. மேலே கம்பியில் ஊராரின் கால்சட்டைகள் தொங்கும். கதவு கிடையாது. இருக்கை ஒன்றே ஒன்று. அதை முதல்முதலாகப் பார்த்த அன்று அக்காவின் மாமியார் மூன்று தரம் சுற்றிவந்துவிட்டு, "நான் எங்கடி உக்கார்றது?" என்று கேட்டாராம். இடமில்லை என்றதும், "இவ்வளவு காசைக் கொட்டியும் குடும்பத்தோட போக முடியாதா?" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

குடும்பத்தோடு போகிற வண்டியல்ல அது. நேர்கோட்டில் கால் மைல். பக்கத்தில் இன்னொரு கார். பச்சை விளக்கு விழுந்ததும் இரண்டும் பாயும். ஏழு விநாடியில் எல்லாம் முடிந்து, பின்னால் பாராசூட் விரிந்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஒருவர் தும்முவதற்குத் தயாராகித் தும்மி முடிப்பதற்குள் பந்தயம் போய்விடும். நானே ஒன்றை அப்படித் தவறவிட்டிருக்கிறேன்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த விளையாட்டைப் பார்த்துச் சொன்னதோ என்னவோ. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டயர்கள், ஒரு ஜோடிச் செருப்பு தேயும் காலத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தாங்குவதில்லை. தீப்பிடிக்காத உடுப்புக்கும் தலைக்கவசத்துக்கும் பாராசூட்டுக்கும் ஆயுள் முடியும் தேதி உண்டு. காரை ஏற்றிப் போக ஒரு லாரி, உதவிக்கு வரும் நாலு பேருக்குத் தங்கும் அறை, நுழைவுக் கட்டணம். "யானையக் கட்டித் தீனி போட்டாலும் அது நாலு மரமாச்சும் இழுக்கும். இது ஏழு செகண்ட் ஓடிட்டு மூச்சு வாங்கும்" என்பார் அக்கா. சொல்லும்போது முகத்தில் வருத்தம் இருக்காது. வாலுப் பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்லும் தாயின் பெருமைதான் இருக்கும்.

அக்காவின் கணவர் டவுன் பஸ் ஓட்டுநர். பணியில் சேர்ந்த நாளிலிருந்து விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காகச் சுவர்க்கடிகாரம் பரிசு வாங்கியவர். அதற்குக் காரணம் எளிது: வேகமுள் நாற்பதைத் தொட்டால் அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். காரை ஏற்றிய லாரியைப் பந்தயத்துக்கு ஓட்டிப் போவது அவர்தான். ஒருமுறை சைக்கிளில் போனவர் ஒருவர் லாரியை முந்திப் போய், நின்று, "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். அன்று போய்ச் சேர்வதற்குள் தகுதிச் சுற்று முடிந்துவிட்டது. "நாட்டுலயே வேகமான வண்டி, நத்தை முதுகுல வந்து சேருது" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பாராசூட்டை மடித்து வைக்கும் வேலையை மட்டும் கணவர் வேறு யாருக்கும் விட்டதில்லை. இஸ்திரி மேசையில் பரப்பி, மடிப்பு மடிப்பாக நீவி, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார்.

யானை வீட்டுக்குள் வந்ததே சலவையால்தான். ஒரு பந்தயக்காரர் தன் தீயுடுப்பை வெளுக்கப் போட்டார். எண்ணெய்க் கறை போக அக்கா மூன்று நாள் போராடினார். திரும்ப வாங்க வந்தவர், "வந்து பாருங்கக்கா, எதுக்காக இவ்வளவு அழுக்காகுதுன்னு" என்று அழைத்தார். அக்கா போனார், பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பந்தயக்காரர் ஓய்வு பெற்றபோது அக்கா அவருடைய காரை வாங்கி, உரிமமும் எடுத்துவிட்டார்.

போன ஆண்டு ஒரே மாதத்தில் இரண்டு சாவு. பந்தயத்தில், பாதித் தூரத்தில், என்ஜினுக்குள் ஒரு தண்டு முறிந்து அதன் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. கை நுழைகிற ஓட்டை. அடுத்த வாரம் கடையின் பாய்லர் பெருமூச்சு விட்டு நின்றது. இரண்டில் ஒன்றைத்தான் உயிர்ப்பிக்க முடியும். பாய்லர் சோறு போடுகிறது, கார் சோறு தின்கிறது. அக்கா ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை. மறுநாளே கடை வாசலில் அட்டை தொங்கியது: "பந்தயக் கார் விற்பனைக்கு."

ஆட்கள் வந்தார்கள். நிற்கவில்லை.

முதலில் வந்த கிரானைட் கடைக்காரர் காரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மைலேஜ் என்ன குடுக்கும்?" என்றார்.

"இருபது லிட்டர்."

"லிட்டருக்கு இருபதா? பரவாயில்லையே!"

"லிட்டருக்கு இல்லீங்க. கால் மைலுக்கு."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். அடுத்து ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பின்னால் விற்றால் விலை போகுமா என்று கேட்டார். "அதைத்தானே நான் இப்ப பண்ணிக்கிட்டிருக்கேன். என் மூஞ்சியப் பாத்தா தெரியலையா?" என்றார் அக்கா.

"நீ கார் விக்கலை. ஊரைக் காப்பாத்திக்கிட்டிருக்கே" என்றார் கணவர். "அடுத்த ஆளை நான் பாத்துக்கறேன். நீ உள்ள போய் தேய்ச்சுக்கிட்டிரு. வாயத் தொறக்கக் கூடாது."

அடுத்து வந்தவர் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். ஐம்பது வயது, ஒல்லி, எதையும் டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்காதவர். நான் சட்டை வாங்க வந்து அங்கேயே நின்றிருந்தேன்.

"வண்டி ரொம்ப ஓடியிருக்குமோ?" என்று அவர் கேட்டார்.

ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "ஆறு வருஷமா எங்ககிட்ட இருக்குங்க. எல்லாத்தையும் கூட்டினா மொத்தமே பத்து நிமிஷம்தான் ஓடியிருக்கும்."

"பத்து நிமிஷமா! அப்ப புத்தம் புதுசுன்னு சொல்லுங்க!"

உள்ளே இஸ்திரிப்பெட்டியின் சத்தம் நின்றது. கருகல் வாடை வந்தது. திரையை விலக்கிக்கொண்டு அக்கா வெளியே வந்தார். கையில் யாருடையதோ சட்டை, முதுகில் பெட்டியின் அச்சோடு. கடவுள் புண்ணியத்தில் என்னுடையதல்ல.

"அண்ணே, இங்க வாங்க. இந்த ஓட்டைல கைய விடுங்க. விட்டீங்களா? இதை அடைக்க முடியாது, புது என்ஜின்தான். அதுக்கே உங்க கடைல பாதி போயிடும். மீதிப் பாதிய டயரு தின்னும். ஜெயிச்சா கொடுக்கற பரிசு, போயிட்டு வந்த டீசலுக்குக் காணாது." மூச்சு விட்டார். "இப்ப சொல்லுங்க."

ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் ஓட்டையிலிருந்து கையை எடுத்து, விரலிலிருந்த கறுப்பைப் பார்த்தார்.

"இருபது வருஷமா ஊர்ல இருக்கறவங்க ரத்தக் கொதிப்பை எறக்கறதுக்கே மாத்திரை வித்துட்டேன். எனக்குக் கொஞ்சம் ஏறட்டும்மா" என்று சொல்லி, முன்பணத்தை இஸ்திரி மேசைமேல் வைத்தார்.

கார் போயிற்று. புதுப் பாய்லர் வந்தது. பின்கட்டு முழுக்க வெளிச்சம். வியாபாரம் பெருகியது. ஆனால் அக்கா கோட்டை வாங்கினால் கோட்டு என்று மட்டும் சொல்லி வைத்தார். "லாட்ஜ் விரிப்பு வந்திருக்கு" என்று ஆள் சொன்னால், "வைய்யி" என்பதோடு சரி. வாடிக்கையாளர்களுக்கே கடை சப்பென்று ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மருந்துக்கடைக்காரர் தானே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தீயுடுப்பு. உரிமத்துக்கான முதல் சோதனை ஓட்டத்தில், பாதித் தூரம் போவதற்குள் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்திருக்கிறார்.

"அக்கா, எனக்கு ஏற வேண்டியது ஏறிடுச்சு. போதும். செலவு பூரா என்னுது. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

"ஊரான் வீட்டு நெய்யேன்னு நான் ஓட்டணுமா?" என்றார் அக்கா. ஆனால் அந்தத் தீயுடுப்பை மற்றத் துணிகளுக்கு முன்னால் துவைத்தார்.

போன மாதப் பந்தயத்துக்கு நானும் போயிருந்தேன். விடிவதற்கு முன்பே கிளம்பியிருந்ததால் லாரி நேரத்துக்கு வந்து சேர்ந்தது. புது என்ஜினோடு அக்கா முதல் சுற்றில் ஜெயித்தார். இரண்டாவதில் மயிரிழையில் தோற்றார். மருந்துக்கடைக்காரர் இரண்டுக்கும் ஒரேபோலக் குதித்தார். வண்டி கூடாரத்துக்கு வந்ததும், பின் டயர் இரண்டும் முடிந்துவிட்டன என்றார் மெக்கானிக். மருந்துக்கடைக்காரர் கொஞ்சமும் அசராமல், "புதுசு ரெண்டு போடுங்க" என்றார்.

"ஒண்ணுக்கு நான் தரேன்" என்றார் அக்கா.

"என்னக்கா இது? செலவு என்னுதுன்னு சொல்லியிருக்கேனே! இது பெருங்காசு."

"எனக்குத் தெரியாத காசா? ஒண்ணு என்னுதா இருக்கட்டும்."

"ஒத்த டயரை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் பாராசூட்டை மடித்துக்கொண்டே, நிமிராமல், "குடு குடு" என்றார்.

புது டயர் மாட்டியதும், அக்கா இடது பக்கம் போய்த் தரையில் மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்து, கறுப்புத் துணிகளுக்குக் குறி போடும் வெள்ளை மைப் பேனாவை எடுத்தார். டயரின் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், தன் வீட்டுத் துணிகளுக்குப் போடும் குறியைச் சின்னதாகப் போட்டார். பிறகு குனிந்து, மை காயும் வரை அதை ஊதிக்கொண்டே இருந்தார்.